வீட்டு மொழியைக் காத்தல்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெரு, சாலை எனப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் இச்சந்தையை அமைத்தார். நெல்லை, நாகர்கோவில், செங்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் பிழைப்புத் தேடி இங்கு வந்து குடியேறினர். அவர்களுடைய வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்கின. இத்தகைய வீட்டில் வளரும் குழந்தை தமிழைப் பேசும். ஆயினும், தமிழ் எழுத்தைக் கல்லாவிடில் தமிழில் ஒரு கடிதத்தைக்கூடப் படிக்க இயலாது. பின்வரும் தலைமுறையில் பேச்சும் குறைந்துவிடக்கூடும்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களின் மொழி எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதை அறிய ரோமானி மொழியின் வரலாறு துணைசெய்யும்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்று, ஐரோப்பிய நாடுகளில் பரவியவர்கள் ரோமா மக்கள். அவர்களுடைய மொழியே ரோமானி. அம்மொழியில் தண்ணீருக்குப் ‘பானி’ என்றும், காதுக்குக் ‘கான்’ என்றும் பெயர். இந்தி பயிலும் மாணவர் இச்சொற்களை எளிதில் இனங்காண்பர். ஆனால், ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய எண்களின் பெயர்கள் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. அம்மக்கள் சென்ற வழியை இச்சொற்கள் காட்டுகின்றன. பிறமொழிச் சொற்கள் கலந்ததனால் ரோமானி அழிந்துவிடவில்லை. சாலைத் தமிழில் மலையாளச் சொற்கள் கலப்பதும் இத்தகையதே.

பெற்றோர் தம் பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்தும்போதுதான் ஒரு மொழி மறையத் தொடங்குகிறது. ஸ்பெயின் நாட்டு மன்னர்கள், ரோமா மக்கள் தம் மொழியைப் பேசலாகாது என்று பலமுறை ஆணையிட்டனர். இன்று அந்நாட்டு ரோமா மக்களிடம் ரோமானிச் சொற்கள் சில மட்டுமே எஞ்சியுள்ளன. அச்சொற்களும் ஸ்பானிய இலக்கணப்படியே வழங்குகின்றன.

ரோமானி நெடுங்காலம் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கியது. நாட்டுக்கு நாடு வேறுபட்டும் நின்றது. 1971இல் இலண்டனுக்கு அருகில் முதல் உலக ரோமானி மாநாடு கூடியது. 1990இல் வார்சா நகரில் நடந்த மாநாடு பொதுவான எழுத்துமுறை ஒன்றை ஏற்றது. ருமேனியா நாட்டுப் பள்ளிகளில் ரோமானி ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நவம்பர் 5ஆம் நாளை உலக ரோமானி மொழி நாளாக யுனெஸ்கோ 2015இல் அறிவித்தது.

இம்முயற்சிகளின் அருமையைச் சாலையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆ. மாதவனின் வாழ்க்கையிலிருந்தும் உணரலாம். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், பள்ளியில் மலையாளம் பயின்றார். தமிழை எழுதப் படிக்கத் தம் முயற்சியால் கற்றார். சாலையில் கடை நடத்திக்கொண்டே, அங்கு உழைத்து வாழும் எளிய மக்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். அவை ‘கடைத்தெருக் கதைகள்’ என்னும் நூலாக வெளிவந்தன. மலையாள நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தும் உதவினார். ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் நூலுக்காக 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

வீட்டில் கேட்ட தமிழ் மாதவனின் நாவில் இருந்தது. எழுத்தைக் கற்றதும், பல நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் அவருக்குத் திறந்தன. ரோமா குழந்தைகளுக்கு அத்தகைய நூல்கள் இப்போதுதான் உருவாகி வருகின்றன. தமிழ்க் குழந்தைகளுக்கோ அவை முன்பே உள்ளன. வீட்டில் தமிழில் பேசுவதும், நாள்தோறும் சில வரிகளேனும் படிப்பதும் எழுதுவதும் அந்நூல்களை அடையும் வழியாகும்.

பயிற்சி

1. ரோமா மக்கள் சென்ற வழியை அவர்களுடைய சொற்கள் எவ்வாறு காட்டுகின்றன?
2. ஸ்பெயினில் ரோமானி மொழிக்கு நேர்ந்தது யாது?
3. தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு, அவர்களுடைய ஊரில் வழங்கும் ஐந்து சொற்களைப் பொருளுடன் எழுதுக.