பாரிஸில் தனியாக நான்கு நாட்கள்

நாம் பாரிஸ் மாநகரைக் கண்டவரல்லோம். டிக்கெட்டுக் கொடுப்பது நமது உத்தியோகம். சென்று வந்தோர் கூறும் கதைகளைக் கேட்பது அதில் நமக்குக் கிடைக்கும் ஒரே மேல்வரும்படி. இக்கட்டுரையும் அவ்வாறு கிடைத்ததேயாகும்.

நாக்பூரில் நமது ரயில்வே குடியிருப்பின் மூன்றாம் வீட்டு அம்மாளின் மகள் புனேயில் எஞ்சினீயராக இருக்கிறாள். சென்ற ஆண்டு பயிற்சியின் பொருட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அனுப்பப்பட்ட அவள், பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் விடுப்பெடுத்துத் தனியாகவே பாரிஸ் சென்று வந்தாள். செய்தி தெரிந்த அன்றிரவு அவ்வம்மாள் நம் வீட்டு வராந்தாவில் வந்து நின்று, "தம்பி, கூட ஒருத்தரும் இல்லாம அந்த ஊரிலே ஒரு பொண்ணு நடமாட முடியுமா?" என்று கேட்டார். அன்று நாம் விடை கூற இயலவில்லை. அப்பெண் திரும்பி வந்து கூறியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம். நம் சங்கத்து வீடுகளில் இத்தகைய பெண்கள் வேறு பலரும் உளர். இத்தகைய தாய்மாரும் உளர்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸுக்கு அதிவேக வண்டியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம். வண்டி 'கார் து நோர்' எனப்படும் வடக்கு நிலையத்தில் போய் நிற்கும். எல்லாத் திசைக்கும் ஒரே ஜங்ஷன் என்பது அவ்வூரில் இல்லை. கிழக்கே செல்வோருக்கு ஒரு நிலையம், லியோன் முதலிய தென்கிழக்கு ஊர்களுக்கு மற்றொன்று, மேற்கே மோன்பர்னாஸ் என்று திசைக்கொரு நிலையம் உண்டு. ஆதலால் வண்டி மாற வேண்டியவர் மூட்டையோடு நகரைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதற்கு 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய மெட்ரோ இருக்கிறது. நகரம் இருபது வட்டாரங்களாக, நடுவிலிருந்து நத்தையோடு போலச் சுழன்று எண்ணிடப்பட்டுள்ளது. ஆகவே விலாசத்திலுள்ள எண்ணைக் கொண்டே தங்குமிடம் நடுநகரிலா, ஓரத்திலா என்பதை ஊகிக்கலாம். அப்பெண் ஐந்தாம் வட்டாரத்தில் சிறியதோர் அறை எடுத்தாள்.

முதல் நாளே ஓர் இடர் நேர்ந்தது. ஒரு மெட்ரோ நிலையத்தில் டிக்கெட்டு இயந்திரத்தின் முன் அவள் தயங்கி நிற்கையில், நன்றாக உடுத்திய ஒருவன் அருகில் வந்து, தானே டிக்கெட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணத்தைக் கேட்டான். அவள் கொடுக்கவும் கையை நீட்டிவிட்டாள். வரிசையில் பின்னால் நின்ற முதிய மாது ஒருவர் ஏதோ உரக்கச் சொல்லவே அவன் நழுவி மறைந்தான். நம் கௌண்டருக்கு எதிரிலேயே இவ்வகை உபகாரிகளைத் தினமும் காண்கிறோம்; உடுப்புத்தான் வேறு. மோன்மார்த்ர் குன்றுப் படிகளில் கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு பறிப்போரும், கையெழுத்துக் கேட்டுக்கொண்டே கைப்பையைத் துழாவுவோரும் உண்டாம்.

நாகரிக உடைக்குப் பேர்போன ஊராயிற்றே, நம் உடுப்பைக் கண்டு நகைப்பார்களோ என்று அவள் அஞ்சியிருந்தாள். எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று முகமன் கூறாதிருப்பதுதான் அங்கே பெருங்குறை. காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்து குடித்தால் அதனினும் கூடிய விலை. ஆனால் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு ஒரு பெண் இரண்டு மணி நேரம் தனியே அமர்ந்திருந்தாலும் எழுப்புவாரில்லை. அவளுக்கு அந்நகரில் மிகப் பிடித்தது அதுவேயாம்.

இச்சுதந்தரம் என்றும் இருந்ததன்று. 1800-ஆம் ஆண்டில் பாரிஸ் போலீஸ் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஆணுடை தரிக்க விரும்பும் பெண் போலீஸ் அலுவலகத்திற்கு வந்து அனுமதி பெற வேண்டும். பின்னர் 1892-லும் 1909-லும் சிறிது தளர்த்தினர்; சைக்கிளின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண் கால்சட்டை அணியலாமாம்! அவ்வாணை செல்லாதென்று அமைச்சர் ஒருவர் வெளிப்படையாக அறிவித்தது 2013-ஆம் ஆண்டிலேதான். மணமான பெண் கணவன் சம்மதமின்றி வங்கிக் கணக்குத் திறக்க முடிந்ததும் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. அந்நாட்டுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945-ல். நம் சென்னை மாகாணத்திலோ, சொத்துடைய பெண்டிருக்கேனும் 1921-லேயே அவ்வுரிமை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவள் ஓர்ஸே கலைக்கூடம் சென்றாள். 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டித் திறக்கப்பட்ட ரயில் நிலையம் அது. வண்டிகள் நீண்டுகொண்டே போக, நடைமேடை நீளம் போதாமல், 1939-க்குப் பின் தூர வண்டிகள் அங்கு வருவது நின்றது. 1986-ல் அது கலைக்கூடமாயிற்று. பெரிய கடிகாரம் இன்னும் இருக்கிறது. நடைமேடை குட்டையாய்ப் போனதால் இத்தகைய பேறு பெற்ற நிலையம் வேறு எதுவும் நாமறியோம்.

அங்கே ரோஸா போன்யர் என்ற பெண்மணி 1849-ல் தீட்டிய உழவுக் காட்சி இருக்கிறது. எட்டடிக்கு மேல் அகலம். ஏர் பூட்டிய எருதுகள், புரண்டு கிடக்கும் ஈரமண். தஞ்சைப் பக்கத்துப் பாட்டி வீட்டை நினைத்துக்கொண்டு அப்பெண் அதன்முன் நெடுநேரம் நின்றாளாம். அவ்வோவியர் மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை, அறுப்புக்களம் எங்கும் சென்று விலங்குகளைப் பார்த்து வரைந்தவர். நீண்ட பாவாடையோடு அங்கெல்லாம் புகுதல் எளிதன்று. ஆகவே கால்சட்டை அணியப் போலீஸ் அனுமதிச் சீட்டு வாங்கினார். 1857-ஆம் ஆண்டு கொடுத்த சீட்டு இன்றும் காணக் கிடைக்கிறது. ஆறு மாதத்திற்கொருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. நமது சீசன் டிக்கெட்டைப் போலத்தான்! 1865-ல் பிரான்ஸ் தேசத்தின் உயர்ந்த விருதான 'லெஜியோன் தொனேர்' அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்விருது பெற்ற முதற்பெண் ஓவியர் அவரே.

வியாழக்கிழமைகளில் அக்கலைக்கூடம் இரவு ஒன்பதே முக்கால் வரை திறந்திருக்கும், திங்களன்று விடுமுறை. வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. ஆளரவமற்ற பாலத்தடி வழியைத் தவிர்த்து, பெருவீதியோடு சென்று பஸ்ஸில் அறை சேர்ந்தாள். இரவு பத்து மணிக்கு மேல், தனியே வருவோர் கேட்டால், இரண்டு நிறுத்தங்களுக்கிடையிலும் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடும் ஏற்பாடு அங்கு உண்டு. நம் நகரசபைகள் இதனைக் கவனிக்கலாகாதா?

கடைசி நாள் வடக்கு நிலையத்தருகே லா ஷப்பேல் பகுதியில், ஈழத்தமிழர் கடைகளுக்கிடையே தோசை தின்றாள். பரிமாறிய அம்மாள், "தனியாவோ வந்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாராம்.

இவையனைத்தையும் நாம் மூன்றாம் வீட்டு அம்மாளிடம் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "காசிக்குப் போகணும்னு ரொம்ப நாளா நினைப்பு, தம்பி. தனியாப் போனா கீழ்ப்படுக்கை கிடைக்குமா?" என்றார். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்மணி தனியே பிரயாணம் செய்தால் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டென்று கூறி, விண்ணப்பத் தாளை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.