மார்க்கோ மாட்டெராசி

மார்க்கோ மாட்டெராசி (பிறப்பு: ஆகஸ்ட் 19, 1973) இத்தாலி நாட்டின் முன்னாள் காற்பந்தாட்ட வீரரும் பயிற்றுநரும் ஆவார். தடுப்பாட்டக்காரரான இவர் 2001 முதல் 2011 வரை மிலான் நகரின் இன்டர் கழகத்திற்கு விளையாடினார். 2006 ஆம் ஆண்டு உலகக்கிண்ணத்தை வென்ற இத்தாலிய அணியில் இடம்பெற்றிருந்தார். அப்போட்டியின் இறுதியாட்டத்தில் பிரான்சு அணித்தலைவர் சினடின் சிடான் இவரது மார்பில் தலையால் முட்டிய நிகழ்வு உலகம் முழுவதும் அறியப்பட்டது. 2014 முதல் 2016 வரை சென்னையின் எப்.சி. அணியின் பயிற்றுநராகப் பணியாற்றினார். இவரது பயிற்சியில் அவ்வணி 2015 ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை முதன்முறையாக வென்றது.

இளமைக்காலம்

மாட்டெராசி தெற்கு இத்தாலியில் உள்ள லெச்சே நகரில் பிறந்தார். தந்தை சுசெப்பே மாட்டெராசி காற்பந்தாட்ட வீரராக இருந்து பின்னர் லாசியோ உள்ளிட்ட கழகங்களின் பயிற்றுநராக விளங்கியவர். மார்க்கோ பதின்ம வயதிலேயே தாயை இழந்தார்.

புகழ்பெற்ற தந்தையின் மகனாக இருந்தபோதும் பெரிய கழகங்களில் இவருக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. ரோம் நகரின் சிறிய கழகமான தோர் டி குயின்டோவில் தொடங்கி, சிசிலித் தீவின் மார்சலா, திரபானி ஆகிய கீழ்நிலைக் கழகங்களில் விளையாடினார். 1995 இல் பெருசியா கழகத்தில் இணைந்தார். இடையில் ஒரு பருவம் கார்ப்பி கழகத்திற்குக் கடனாக அனுப்பப்பட்டார்.

கழக ஆட்டங்கள்

எவர்ட்டன், பெருசியா

1998 இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகம் இவரை ஒப்பந்தம் செய்தது. அங்கு ஒரு பருவம் மட்டுமே விளையாடினார். முரட்டு ஆட்டத்திற்காகப் பலமுறை சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். 1999 இல் மீண்டும் பெருசியாவுக்குத் திரும்பினார்.

2000-01 பருவமே இவரது வாழ்வின் திருப்புமுனை ஆகும். அப்பருவத்தில் இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஆ தொடரில் 12 கோல்களை அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஒரே பருவத்தில் அடித்த கோல்களில் அதுவரை அர்கெந்தீனாவின் டேனியல் பசரெல்லா அடித்த 11 கோல்களே மிகுதியாக இருந்தன. 1.93 மீட்டர் உயரமும், வலிமையான இடது கால் உதையும், பெனால்டி உதைகளில் காட்டிய நிதானமும் இவருக்குத் துணைநின்றன.

இன்டர்

2001 இல் இன்டர் கழகத்தில் இணைந்த மாட்டெராசி, பத்துப் பருவங்கள் அங்கேயே நிலைத்து 270க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்றார். 23 என்ற எண்ணுடைய சட்டையை அணிந்த இவரைக் கழக ஆதரவாளர்கள் மாட்ரிக்ஸ் என்று அழைத்தனர்.

தொடக்க ஆண்டுகள் ஏமாற்றம் மிகுந்தவை. 2002 மே 5 அன்று பருவத்தின் கடைசி ஆட்டத்தில் லாசியோவிடம் 4-2 எனத் தோற்றதால், கைக்கெட்டிய பட்டத்தை இன்டர் இழந்தது. 2004 பெப்ரவரியில் சியேனா அணிக்கெதிரான ஆட்டத்தின்போது இவர் களத்தில் விளையாடவில்லை. எனினும் ஆட்டம் முடிந்தபின் எதிரணி வீரர் புருனோ சிரில்லோவைத் தாக்கியதற்காக இரண்டு மாதங்கள் தடை செய்யப்பட்டார்.

2005 ஏப்ரல் 12 அன்று ஏசி மிலானுக்கு எதிரான சாம்பியன்சு லீக் காலிறுதி ஆட்டத்தில் இன்டர் ஆதரவாளர்கள் களத்தில் தீப்பந்தங்களை வீசினர். அவற்றுள் ஒன்று மிலான் அணியின் கோல் காப்பாளர் டிடா மீது பட்டது, ஆட்டம் கைவிடப்பட்டது. புகை சூழ்ந்த அரங்கில் மாட்டெராசி எதிரணியின் ரூயி கோஸ்டாவின் தோளில் கையூன்றி நின்று தீயை நோக்கும் ஒளிப்படம் காற்பந்தாட்ட வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட படங்களுள் ஒன்றாகும்.

2005-06 பருவத்தின் பட்டம், முறைகேட்டு விசாரணையில் யுவென்டசிடமிருந்து பறிக்கப்பட்டு இன்டருக்கு வழங்கப்பட்டது. 2006-07 இல் இன்டர் களத்திலேயே பட்டத்தை வென்றது. 2007 ஏப்ரல் 22 அன்று சியேனாவை 2-1 என வென்று பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் இரு கோல்களையும் மாட்டெராசியே அடித்தார். அப்பருவத்தில் தொடரில் மட்டும் 10 கோல்களை அடித்திருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அதே சியேனாவுக்கு எதிராக, வெற்றி பெற்றால் பட்டம் உறுதி என்ற நிலையில், பெனால்டி உதையைத் தாமே எடுத்துத் தவறவிட்டார். ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. பட்டத்திற்காகக் கழகம் கடைசி நாள் வரை காத்திருக்க நேர்ந்தது.

2010 மே 22 அன்று மட்ரித் நகரில் நடந்த சாம்பியன்சு லீக் இறுதியாட்டத்தில் பேயர்ன் மியூனிக்கை இன்டர் 2-0 என வென்றது. மாட்டெராசி கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார். அன்றிரவு கழகத்தை விட்டு நீங்கிய பயிற்றுநர் ஜொசே மொரீனியோ, அரங்கிற்கு வெளியே காரை நிறுத்தி இறங்கி, மாட்டெராசியைத் தழுவிக் கண்ணீர் விட்டார். 2011 இல் மாட்டெராசி இன்டரிலிருந்து விலகினார்.

தேசிய அணி

2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இத்தாலிய அணியில் அறிமுகமானார். மொத்தம் 41 ஆட்டங்களில் விளையாடி இரண்டு கோல்களை அடித்தார். அவ்விரண்டு கோல்களும் 2006 உலகக்கிண்ணப் போட்டியில் அடிக்கப்பட்டவை.

அப்போட்டிக்கு இவர் மாற்று ஆட்டக்காரராகவே சென்றிருந்தார். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் அலெசாண்ட்ரோ நெஸ்டா காயமுற்றதால் களமிறங்கினார். சிறிது நேரத்தில் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். அடுத்து ஆத்திரேலியாவுடனான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்றதால் காலிறுதியில் விளையாட இயலவில்லை. அரையிறுதியில் மீண்டும் அணிக்குத் திரும்பினார்.

2006 இறுதியாட்டம்

2006 ஜூலை 9 அன்று பெர்லின் நகரில் நடந்த இறுதியாட்டத்தின் முக்கிய நிகழ்வுகள் பலவற்றில் மாட்டெராசிக்குத் தொடர்பு உண்டு. இவர் மலூடாவை வீழ்த்தியதாக நடுவர் வழங்கிய பெனால்டியை 7 ஆவது நிமிடத்தில் சிடான் கோலாக்கினார். 19 ஆவது நிமிடத்தில் பிர்லோவின் மூலை உதையை மாட்டெராசி தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 110 ஆவது நிமிடத்தில் இருவருக்கும் இடையே வாய்ச்சொல் எழுந்தது. திரும்பி வந்த சிடான் இவரது மார்பில் தலையால் முட்டி வீழ்த்தினார். சிடான் வெளியேற்றப்பட்டார், அதுவே அவரது கடைசி ஆட்டமாக அமைந்தது. பெனால்டி உதைகளில் இத்தாலி 5-3 என வென்றது. இத்தாலியின் இரண்டாவது உதையை மாட்டெராசி கோலாக்கினார்.

இவர் என்ன சொன்னார் என்பது குறித்துப் பல்வேறு ஊகங்கள் வெளியாயின. இன அடிப்படையில் இழித்துரைத்தார் எனவும், சிடானின் தாயைப் பழித்தார் எனவும் எழுதப்பட்டது. இரண்டையும் மறுத்த மாட்டெராசி, சிடானின் உடன்பிறந்தாளைக் குறித்துத் தகாத சொல் கூறியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். பிரித்தானிய நாளிதழ்கள் சில அவரிடம் மன்னிப்புக் கோரி இழப்பீடும் வழங்கின. ஃபிஃபா அமைப்பு சிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் மாட்டெராசிக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதித்தது. இந்நிகழ்வைச் சித்திரிக்கும் அடெல் அப்தெசெமெத் என்பவரின் பெரிய வெண்கலச் சிலை 2012 இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

சென்னையின் எப்.சி.

2014 ஆம் ஆண்டு எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தொடர் தொடங்கப்பட்டது. அவற்றுள் சென்னையைச் சேர்ந்த அணிக்குச் சென்னையின் எப்.சி. எனப் பெயரிடப்பட்டது. நடிகர் அபிசேக் பச்சன், தொழில்முனைவர் விட்டா தானி, துடுப்பாட்ட வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர் இதன் உரிமையாளர்கள். மூன்றாண்டுகளாக எந்தக் கழகத்திலும் விளையாடாதிருந்த மாட்டெராசி, இவ்வணியின் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒருசேர நியமிக்கப்பட்டார். பயிற்றுநராக இதுவே அவரது முதல் பொறுப்பு.

அப்போதைய தொடரின் அமைப்பு பயிற்றுநர்களுக்குக் கடினமானது. முதல் பருவம் ஏறத்தாழ பத்து வாரங்களில் முடிந்தது. ஒவ்வோர் அணியும் 14 ஆட்டங்களில் விளையாடின. முதல் நான்கு இடங்களைப் பெற்றவை அரையிறுதிக்குச் சென்றன. களத்தில் குறைந்தது ஐந்து இந்திய வீரர்கள் இருக்கவேண்டும் என்பது விதி. முன்பின் அறியாத, பல மொழிகள் பேசும் வீரர்களைச் சில வாரங்களில் ஓர் அணியாக்க வேண்டியிருந்தது.

2014 பருவம்

2014 அக்டோபர் 15 அன்று முதல் ஆட்டத்தில் கோவா அணியை அதன் சொந்தக் களத்திலேயே 2-1 என வென்றது சென்னை. பிரேசிலின் எலானோ 8 கோல்களுடன் தொடரில் அதிக கோல் அடித்தவரானார். மாட்டெராசி தாமும் 7 ஆட்டங்களில் விளையாடினார். பருவத்தின் பிற்பகுதியில் நெஸ்டாவும் அணியில் சேர்ந்தார். 2006 இல் எவரது காயத்தால் மாட்டெராசிக்கு இடம் கிடைத்ததோ, அவரே சென்னையில் இவரது பயிற்சியின் கீழ் விளையாடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

23 புள்ளிகளுடன் சென்னை முதலிடம் பெற்றது. ஆனால் கேரளா பிளாஸ்டர்சுடனான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 0-3 எனத் தோற்றது. டிசம்பர் 16 அன்று நேரு விளையாட்டரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மாட்டெராசி சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அவ்வாட்டத்தில் சென்னை மூன்று கோல்களைப் பெற்று மொத்தக் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் 3-4 என்ற மொத்தக் கணக்கில் வெளியேறியது.

2015 பருவம்

இரண்டாம் பருவத்தில் மாட்டெராசி பயிற்றுநராக மட்டும் பணியாற்றினார். முதல் பத்து ஆட்டங்களில் சென்னை 10 புள்ளிகளே பெற்றிருந்தது; அரையிறுதி வாய்ப்பு ஏறத்தாழ நழுவியது. எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்று 22 புள்ளிகளுடன் மூன்றாமிடம் பிடித்தது.

இக்காலத்தில்தான் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியதால், கொல்கத்தாவுடனான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்த இயலவில்லை. டிசம்பர் 12 அன்று புனேயில் நடத்தப்பட்ட அவ்வாட்டத்தில் சென்னை 3-0 என வென்றது. கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றபோதும் மொத்தக் கணக்கில் இறுதியாட்டத்திற்குத் தகுதி பெற்றது.

டிசம்பர் 20 அன்று கோவாவின் பதோர்டா அரங்கில், பிரேசிலின் சிக்கோ பயிற்றுவித்த கோவா அணியை அதன் ஆதரவாளர்கள் முன்னிலையில் சென்னை எதிர்கொண்டது. 54 ஆவது நிமிடத்தில் புருனோ பெலிசாரி சென்னைக்குக் கோல் அடித்தார். 58 இல் ஹாக்கிப் சமன் செய்தார். 87 இல் ஜோஃப்ரே கோவாவை 2-1 என முன்னிலைப்படுத்தினார். தோல்வி உறுதி எனத் தோன்றிய வேளையில், 90 ஆவது நிமிடத்தில் கோவா கோல் காப்பாளர் கட்டிமணியின் தற்கோலால் ஆட்டம் சமனானது. அடுத்த இரு நிமிடங்களுக்குள் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். 3-2 எனச் சென்னை கோப்பையை வென்றது. 13 கோல்களுடன் மெண்டோசா தொடரில் அதிக கோல் அடித்தவரானார். மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா வளரும் வீரருக்கான விருதைப் பெற்றார்.

2016 பருவம்

மூன்றாம் பருவத்தில் மெண்டோசா அணியில் இல்லை. நார்வேயின் யோன் ஆர்னே ரீசே முதன்மை வீரராகச் சேர்க்கப்பட்டார். அணி 15 புள்ளிகளுடன் ஏழாமிடத்தில் முடித்தது. 2006 இல் இவருடன் உலகக்கிண்ணம் வென்ற ஜான்லூக்கா சம்புரோட்டா பயிற்றுவித்த டெல்லி அணி, அப்பருவத்தில் சென்னையை இருமுறையும் தோற்கடித்தது. 2017 மார்ச்சில் மாட்டெராசி பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த இங்கிலாந்தின் ஜான் கிரகரியின் கீழ் 2018 மார்ச் 17 அன்று சென்னை இரண்டாவது முறையாகக் கோப்பையை வென்றது. அவ்விறுதியாட்டத்தில் பெங்களூருக்கு எதிராகக் கோல் அடித்த ரஃபயேல் அகஸ்தோ, மாட்டெராசி காலத்தில் அணிக்கு வந்தவர் ஆவார்.

ஆட்டமுறையும் மதிப்பீடும்

மாட்டெராசி உயரப் பந்துகளைத் தலையால் வெல்வதிலும் நெடுந்தொலைவுப் பந்தளிப்பிலும் தேர்ந்தவர். மறுபுறம், எதிராளியைச் சீண்டுபவர், முரட்டுத்தனமானவர் என்ற பெயரும் அவரைத் தொடர்ந்தது. சென்னையிலும் இரு பக்கங்களும் காணப்பட்டன. 2014 அரையிறுதியில் அவரது வெளியேற்றம் அணியைப் பத்துப் பேராக்கியது. அடுத்த ஆண்டு கடைநிலையில் இருந்த அணியைத் தளரவிடாமல் பட்டம் வரை கொண்டுசென்றதும் அவரே.

வெற்றிகள்

ஆட்டக்காரராக (இன்டர்)
- சீரி ஆ: 2005-06, 2006-07, 2007-08, 2008-09, 2009-10
- இத்தாலியக் கோப்பை: 2004-05, 2005-06, 2009-10, 2010-11
- இத்தாலிய சூப்பர் கோப்பை: 2005, 2006, 2008, 2010
- சாம்பியன்சு லீக்: 2009-10
- கழக உலகக்கிண்ணம்: 2010

ஆட்டக்காரராக (இத்தாலி)
- உலகக்கிண்ணம்: 2006

பயிற்றுநராக (சென்னையின் எப்.சி.)
- இந்தியன் சூப்பர் லீக்: 2015