தறிக்குழியில் இரு தலைமுறை

நமது நெசவாளர் சங்கங்களிலே ஒரு மனத்தாங்கல் அடிக்கடி காதில் விழுகின்றது. "பிள்ளைகள் தறிக்குழியில் ஒரு முழு நாள் உட்காருவதில்லை" என்கின்றனர் மூத்தோர். "பெரியவர்கள் எதையும் சொல்லித் தருவதில்லை" என்கின்றனர் இளையோர். இரு சாராரும் இதனைக் குணதோஷமாகவே கருதுகின்றனர். கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பழகிய நமக்கோ, இது பெரும்பாலும் கூலி விஷயமாகவே தோன்றுகின்றது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடைவையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். ஆகவே மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைப் போட மற்றோர் ஆள் தேவை. முற்காலத்தில் வீட்டுச் சிறுவனே அங்கு அமர்ந்தான்; பார்த்துப் பார்த்தே கை பழகினான். சிறுவர்கள் பள்ளிக்கூடம் சென்றது மிகவும் நன்று. அதற்காக வருந்துவோர் உண்டெனில் நாம் அவருடன் சேர்ந்தோமல்லோம். ஆயின், அவ்விடத்திற்கு இன்று வரவேண்டியவன் மீசை முளைத்த வாலிபன். அவனுக்கு வயிறும் உண்டு, வேறு வேலையும் உண்டு.

கூலியோ புடைவைக்கு இவ்வளவு என்று நெய்பவர் பெயரில் எழுதப்படுகின்றது. உதவியாளுக்கு அவரே தம் கூலியிலிருந்து கொடுக்கவேண்டும். நின்று கற்றுக்கொடுத்தால் புடைவை முடிய நாள் நீளும்; வருமானம் குறையும். அறுபது வயதுப் பெரியவர் தம் வித்தையைத் தம் கைக்காசு போட்டுக் கற்பிக்கவேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமா? அவர் சிடுசிடுப்பதில் வியப்பென்ன?

நாடெங்கும் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தனர். காலியாகும் தறிக்கு ஆள் தேடும் நாள் தொலைவில் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு நமது யோசனை: கற்பிக்கும் காலத்திற்கு மூத்தவருக்கு இழப்பீடும், பயில்பவருக்குத் தனிக்கூலியும் சங்கமே வழங்கலாம். துணைவிதி இடம் தருமாயின் பொதுநல நிதியிலிருந்து எடுக்கலாம்; இல்லையேல் துணைவிதியைத் திருத்தலாம்.

கற்பித்தல் ஒருவழிப் பாதையுமன்று. கம்ப்யூட்டரில் புட்டா வரைவதற்கு இளைஞர் வல்லவர். ஆனால் சரிகை இழை பின்புறத்தில் எவ்வளவு நீளம் மிதந்தால் உடுத்தும்போது விரலில் மாட்டும் என்பது பெரியவருக்கே தெரியும். புது டிசைன் தறி ஏறுமுன் இருவரும் பார்த்து ஒப்பமிடட்டும். இளைஞர் தறியிலிருக்கும் புடைவையைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவதையும் தடுக்கவேண்டாம். நிறம் படத்தில் மாறித் தெரிகிறதா என்று மட்டும் பெரியவர் சொல்லிவிட்டால், திரும்பிவரும் சரக்குக் குறையும்.

அடுத்த மகாசபைக்கு முன்னர்ச் சங்கங்கள் ஒரு பட்டியல் தயாரிக்கலாம். கோர்வை தெரிந்தவர் எத்தனை பேர், அவர்கள் வயதென்ன, எவரிடம் எவர் பயில இசைகின்றனர் என்று மூன்று பத்திகள் போதும்.