முப்புரிக் கயிறும் கல்லீரலும்

கல்லீரலையே இயந்திரத்தில் அச்சிட்டு எடுத்துவிடலாம் என்கிறார்களே, அப்படியானால் மாற்று ஈரலுக்காக ஒருவர் காத்துக்கிடக்க வேண்டிய அவசியம் இனி இராதல்லவா என்று சிறுசேரியிலிருந்து ஒரு வாசகர் வினவியிருக்கிறார். அங்குள்ள மென்பொருள் பூங்காவில் இரவெல்லாம் அமர்ந்து பணிசெய்வோரிடையே ஈரலில் கொழுப்பேறுவது பற்றிய பேச்சு சகஜமாகிவிட்ட இந்நாளில் இது நியாயமான கேள்வியே. பெங்களூரின் பண்டோரம் நிறுவனம் 2015இல் ஈரல் திசுவை அச்சிட்டதாக அறிவித்தது உண்மை. ஆனால் திசுத்துணுக்கு வேறு, அவயவம் வேறு. இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகிய உயிரணுவுக்குப் பிராணவாயு சரிவர எட்டாது. ஆகையால் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலின் மூலைமுடுக்கெல்லாம் நுண்குழாய்களைப் பரப்பும் வித்தை கைவராத வரையில், அச்சிட்ட ஈரல் என்னும் ஆரவாரத்தை நம்பி எந்த நோயாளியும் தம் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

உண்மையான சூட்சுமம் அச்சு இயந்திரத்தில் இல்லை. உயிரணுக்கள் பற்றி நிற்கும் சட்டகத்தில், அதாவது கொலாஜன் என்னும் புரதத்தில், இருக்கிறது. அதன் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55இல் கண்டறிந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள் என்ற அளவோடு சரித்திரத்தை நிறுத்திக்கொள்வோம்.

மாமல்லபுரம் கடற்கரையில் படகைக் கட்டும் கயிற்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். புரிகள் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, அவை மூன்றும் சேர்ந்து எதிர்த்திசையில் திரிக்கப்பட்டிருப்பதால், இழுக்க இழுக்கக் கயிறு பிரியாமல் இறுகுகிறது. கொலாஜனும் அவ்வாறே: மூன்று சங்கிலிகள் தனித்தனியே இடப்புறமாகச் சுருண்டு, ஒன்றுசேர்ந்து வலப்புறமாகத் திரிந்திருக்கின்றன. கயிற்றின் நடுவே இடமே இல்லையாதலால், சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியதாகிய கிளைசினாகவே இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் சற்றே பருத்த வேறொன்று புகுந்துவிட்டால் கயிறு புடைத்து நலிகிறது, அப்பிழையோடு பிறந்த குழந்தையின் எலும்பு இலேசான தட்டலுக்கே முறிகிறது. புரி நெகிழாதிருக்க வைட்டமின் சி என்னும் பதமும் வேண்டும். அது வற்றினால் ஆறிப்போன பழைய புண்கூட மீண்டும் வாய் திறக்கும்.

தோலில் காயம்பட்டால் உடல் இந்தக் கயிற்றைத்தான் அவசரமாகத் திரித்துப் பள்ளத்தை நிரப்புகிறது. தழும்பு என்பது அதுவே. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், மாட்டுக் கொலாஜனைச் சுத்திகரித்து மெல்லிய படலமாக்கித் தீப்புண்ணின் மேல் போர்த்தும் முறையை உருவாக்கியது. புதுத்தோலின் உயிரணுக்கள் ஊர்ந்து பரவ அது தளமாகிறது, கட்டுப் பிரிக்கும்போது ஏற்படும் வேதனையும் குறைகிறது. எந்த ஆரவாரமுமின்றி வார்டுகளுக்குள் வந்துசேர்ந்த இந்தப் படலத்தையே நான் திசுப் பொறியியலின் மெய்யான வெற்றியாகக் கருதுகிறேன்.

ஈரலிலோ கதை தலைகீழ். 1998இல் தில்லியில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றிகண்ட முதல் ஈரல் மாற்று அது. இத்தகைய சிகிச்சையில் அறுத்த மடல் மீண்டும் முளைப்பதில்லை. கொடுத்தவரிடம் எஞ்சியதும் பெற்றவரிடம் பொருந்தியதும் அவரவர் உடலுக்கு வேண்டிய அளவுக்குப் பருத்து, அவ்வளவில் நின்றுவிடுகின்றன. சட்டகம் பழுதில்லாமல் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. மதுவோ, வைரஸோ, கொழுப்போ ஆண்டுக்கணக்கில் ஈரலை வதைத்தால், வைட்டமின் ஏ-யைச் சேமித்துவந்த நட்சத்திர வடிவ உயிரணுக்கள் அவ்வேலையைக் கைவிட்டுக் கயிறு திரிக்கத் தொடங்குகின்றன. வாயில், சாளரம் என்று பாராமல் வீடெங்கும் குறுக்கே கயிறு கட்டினாற்போல, இரத்தமும் ஈரலணுவும் பண்டமாற்றுச் செய்யும் இடைவெளியெல்லாம் அடைபட்டுப்போகிறது. தோலைக் காத்த அதே பொருள் ஈரலை நெரிக்கிறது.

2010இல் பாஸ்டனில் எலியின் ஈரலிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கி, குழாய்களோடு மிஞ்சிய சட்டகத்தில் புது அணுக்களைக் குடியேற்றினார்கள். மற்றோர் எலியில் பொருத்தியபோது அது சில மணி நேரமே இயங்கியது. அரிய முயற்சிதான், மருத்துவமனைக்கு வர அது கடக்க வேண்டிய தூரம் மிக நீளம். இன்றைக்குக் கைக்கெட்டியது வேறொன்று: ஹெபடைடிஸ் சி வைரஸை மாத்திரைகளால் ஒழித்தவர்களிலும், குடியை விட்டவர்களிலும், நோய் முற்றிவிடாத பட்சத்தில், கட்டிய கயிறுகளை ஈரல் தன் நொதிகளாலேயே பெருமளவு கரைத்துக்கொள்வதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.