கோலூன்றியோரும் குழந்தைகளும் கூடும் முற்றம்

பாபிலோனிய அடிமைத்தளையிலிருந்து மீண்டு வந்த மக்கள், இடிந்து கிடந்த எருசலேமின் நடுவே நின்று கலங்கிய காலத்தில் இறைவாக்கினர் செக்கரியா அவர்களுக்கு ஒரு காட்சியைக் காட்டினார். வயது முதிர்ந்து கையில் கோலூன்றிய ஆடவரும் பெண்டிரும் அந்நகரின் தெருக்களில் மீண்டும் அமர்ந்திருப்பர், அதே தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும் (செக். 8:4-5). ஒரு நகரம் மீண்டும் உயிர்பெற்றது என்பதற்கு இறைவன் தந்த அடையாளம் இதுவே. முதியோர் ஓரிடத்திலும் குழந்தைகள் வேறோரிடத்திலுமாகப் பிரிந்திராமல், இருதரப்பினரும் ஒரே தெருவில் இருக்கின்றனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

திருகோணமலை வாழ் இறைமக்களுக்கு இக்காட்சியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. 1964 டிசெம்பரில் வீசிய சூறாவளியையும், நீண்ட போரையும், 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. அந்த அழிவுகளில் பிள்ளைகளை இழந்தோர், பிள்ளைகள் கடல் கடந்து சென்றதால் தனித்தோர், துணையின்றி முதுமையடைந்தோர் எனப் பலர் இன்று முதியோர் இல்லங்களில் அடைக்கலம் பெற்று வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இந்நாட்டில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் அறுபது வயதை எட்டியிருந்தார். ஆகவே, இது ஒரு சிலரின் துயரம் மட்டுமன்று. நாளை நம் ஒவ்வொருவர் வாசலுக்கும் வரக்கூடியது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்துள்ளது. பராமரிப்பைச் சட்டத்தால் பெற்றுத்தர இயலும். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பக்கத்தில் வந்தமர்ந்து, "இன்று எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்கும் ஒரு குரலை எந்தச் சட்டத்தால் தர முடியும்? உணவும் மருந்தும் உறைவிடமும் குறைவின்றிக் கிடைக்கும் இல்லத்திலும் பொழுது நகராத துன்பம் உண்டு. அத்துன்பம் முறையிடாது, ஆதலால் நம் கண்ணிற்கும் எளிதில் படாது.

நம் பங்குகள் இவர்களை முற்றாக மறந்துவிடவில்லை. நத்தார் காலத்தில் கரோல் குழுவினர் செல்கின்றனர். பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் குடும்பங்கள் உணவு வழங்குகின்றன. அவை நற்செயல்களே. ஆயினும் அங்கு நிகழ்வதைச் சற்றே உற்று நோக்குவோம். முதியோரை வரிசையாக அமர்த்துகிறோம். நாம் பாடுகிறோம், நாம் பேசுகிறோம், பொதிகளைக் கையளித்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அவர்கள் பார்ப்பவர்களாகவும் பெறுபவர்களாகவும் மட்டுமே இருந்துவிடுகின்றனர். அன்பார்ந்த வாசகர்களே, தன்னிடமிருந்து எவருக்கும் எதுவும் தேவையில்லை என்ற எண்ணம் முதுமையின் நோய்களுள் மிகக் கொடியது. நாம் சுமந்து செல்லும் பொதியால் மட்டும் அந்நோய் தீராது.

குழந்தை இயேசு ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்ட நிகழ்வை நினைவுகூர்வோம். அங்கு சிமியோன் வெறும் பார்வையாளராய் நிற்கவில்லை. குழந்தையைக் கையில் ஏந்தி இறைவனைப் புகழ்ந்தார். எண்பத்து நான்கு வயதுவரை கைம்பெண்ணாய் வாழ்ந்த அன்னா, மீட்புக்காகக் காத்திருந்தோர் அனைவரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார் (லூக். 2:25-38). ஏந்துவதற்கு ஒரு குழந்தையும் கேட்பதற்கு ஒரு கூட்டமும் அவர்களுக்குக் கிடைத்தன.

நம் இல்லங்களில் உள்ளோரிடம் கேட்பதற்கு எவ்வளவோ உண்டு! 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது பாலராயிருந்தோர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து விலகியதைக் கண்டோர் சிலரேனும் நம்மிடையே உள்ளனர். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை இராகம் பிசகாமல் படிக்கத் தெரிந்த தாய்மார், ஞானசவுந்தரி கூத்தில் வேடம் கட்டிய தந்தையர் எவரேனும் அங்கிருப்பின், தவக்காலத்தில் நம் இளையோர் அவர்களிடம் மாணவராய்ச் செல்லலாகாதா? மறைக்கல்வி மாணவர் ஒரு கொப்பியுடன் சென்று, ஒருவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி, அடுத்த வாரம் அவருக்கே அதை வாசித்துக் காட்டினால் அதைவிடச் சிறந்த கலைநிகழ்ச்சி வேறில்லை.

இவ்வழியை நமக்கு முன்னரே திருச்சபையில் நடந்து காட்டியவர் புனித ஜான் ஜூகான். பிரான்சின் சேன் சேர்வானில் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். அச்செயலில் பிறந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை 1888இல் கொழும்பிற்கும் வந்தது. தாம் தொடங்கிய சபையின் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்ட அவர், 1879இல் இறக்கும்வரை இருபத்தேழு ஆண்டுகள் மறைவாகவே வாழ்ந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியை இளம் நவசந்நியாசியரின் நடுவே அவர் கழித்தார் என்பது கருதத்தக்கது. முதியோரைத் தாங்கியவரின் முதுமை இளையோரின் நடுவே மலர்ந்தது. 2009 ஒக்டோபர் 11 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. முதலில் இல்லப் பொறுப்பாளரின் இசைவைப் பெறுவோம். நண்பகல் உறக்கத்தைக் கலைக்காது, மாலைத் தேநீர் வேளையைத் தெரிந்துகொள்வோம். நாற்காலிகளை வட்டமாக இடுவோம்; அப்போதுதான் ஒருவர் முகத்தை மற்றவர் காண்பர். செவிப்புலன் குன்றியோருக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் துன்பமே தரும். முகம் பார்த்து நிதானமாகப் பேசுவோம். கெரம், தாயம், பல்லாங்குழி, முந்நூற்று நான்கு என அவர்கள் அறிந்த விளையாட்டுகளை அவர்களோடு விளையாடுவோம். தோற்றால் மகிழ்வோடு தோற்போம். நினைவு மங்கியவர் பிள்ளையின் பெயரை மறந்திருப்பினும், இளமையில் பாடிய பாடலை அடி பிறழாது பாடுவதுண்டு. அவரைப் பாட அழைப்போம். நீரிழிவு உள்ளோரை எண்ணி, இனிப்புகளைக் கொண்டு செல்லுமுன் கேட்டறிவோம். இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள் அங்கிருப்பின் அவர்களுடைய பண்டிகை நாட்களையும் குறித்து வைத்து வாழ்த்தச் செல்வோம்.

முதிர்ந்த வயதில் வேறொருவர் பேதுருவின் இடையைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கூட்டிச் செல்வார் என்றார் ஆண்டவர் (யோவான் 21:18). பேதுருவின் சாவைக் குறித்துச் சொல்லப்பட்ட அவ்வாக்கு, தாமாகத் தெரிந்துகொள்ளாத ஓர் இல்லத்தில் நாட்களைக் கழிக்கும் முதியோர் பலரையும் நமக்கு நினைவூட்டுகிறது. அவர்கள் விரும்பும் இடத்திற்கு நாம் ஒருமுறை கூட்டிச் செல்லலாம் அல்லவா? வாழ்நாளெல்லாம் வள்ளத்தில் உழைத்த ஒருவர், இதே துறைமுக நகரில் மதிற்சுவரை மட்டும் பார்த்திருந்து கண்மூட வேண்டுமா? வாகனமுள்ள இரு குடும்பங்கள் மனம் வைத்தால், மாதத்தில் ஒரு மாலையேனும் அவர் கடலைக் காண்பார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா, பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாள், யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். ஆண்டுக்கொருமுறை வரும் பெருவிழாவைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில் தவறாது வரும் ஒரு சிறுமியே அவர்களுக்குப் பெரிய திருவிழா. அந்தக் கிழமை வருமென்று எதிர்நோக்கியிருப்பதிலேயே ஏனைய நாட்களின் பாரமும் குறையும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புமுன், நம் பிள்ளைகளின் கரம் பிடித்து அருகிலுள்ள இல்லத்தின் வாசலை மிதிப்போம். கோலூன்றியோரும் குழந்தைகளும் ஒரே முற்றத்தில் கூடும்போது, செக்கரியா கண்ட நகரம் நம்மிடையேயும் எழும்பும்.