இரங்கற் சொல்லும் அதற்குப் பின் வரும் வேலையும்

படிப்புக்கும் கணினித் தொழிலுக்குமாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பிவைக்கும் நகரம் ஹைதராபாத் என்பதால், அந்நாடுகளில் நிகழும் துப்பாக்கிச் சூடுகள் அங்குள்ள குடும்பங்களுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தியாக வந்து சேர்வதில்லை. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர், லின்வுட் ஆகிய பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்களை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றபோது, உயிரிழந்த 51 பேரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த இளைஞர்களும் இருந்தனர். அந்நகரத்திலிருந்து சென்று அங்கே வாழ்ந்துவந்த வேறொருவர் படுகாயமடைந்தார். காயமுற்றவரின் உடன்பிறந்தார் நியூசிலாந்து செல்ல வகைசெய்யுமாறு ஹைதராபாத் மக்களவை உறுப்பினர் அசதுத்தீன் ஒவைசி, அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜுக்கும் தெலங்கானா அரசியல் தலைவர் கே.டி.ராமா ராவுக்கும் அன்றைக்கே பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அந்த வேண்டுகோளில் இரங்கலைவிடப் பயண ஏற்பாடே முதன்மையாக இருந்தது. அதுவே சரியான வரிசை. சாவு வீட்டில் முதலில் தேவைப்படுவது ஆறுதல் என்று வெளியிலிருப்போர் எண்ணலாம். கடல் கடந்து பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்கோ முதலில் தேவைப்படுவது பயண அனுமதியும், மருத்துவமனையிலிருந்தும் காவல்துறையிலிருந்தும் உறுதியான ஒரு பதிலும்தான்.

கிரைஸ்ட்சர்ச்சில் அந்தப் பதில் எளிதில் கிடைத்துவிடவில்லை. இறந்தவரை இயன்றவரை விரைவாக நல்லடக்கம் செய்வது இஸ்லாமிய மரபு. கொலையுண்டவர் ஒவ்வொருவரையும் ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் கண்டு, மரண விசாரணை அதிகாரி ஒப்புதல் அளித்த பிறகே உடலை ஒப்படைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இவ்விரண்டுக்கும் இடையில் குடும்பங்கள் நாட்கணக்கில் காத்திருந்தன. மார்ச் 20 அன்றுதான் முதல் அடக்கங்கள் நடந்தன. தாமதத்தின் காரணத்தை அதிகாரிகள் குடும்பத்தாரிடம் நேரில் எடுத்துச் சொன்னதும், குளிப்பாட்டுதல், கஃபன் துணியால் போர்த்துதல் ஆகிய இறுதிக் கடமைகளுக்கு வெளியூர்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்து சேர்ந்ததும் அந்தக் காத்திருப்பை ஓரளவு தாங்கக்கூடியதாக்கின.

அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்னின் நடத்தையை உலகம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. முதல் நாளிலேயே, பாதிக்கப்பட்டவர்களில் பலர் குடியேறியவர்களாகவோ அகதிகளாகவோ இருக்கக்கூடும் என்று குறிப்பிட்டு, அவர்களும் நாமே என்றார் அவர். மறுநாள் தலையில் முக்காடிட்டுக் குடும்பங்களைச் சந்தித்தார். கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மார்ச் 22 அன்று தொழுகைக்கான பாங்கு நாடெங்கும் ஒலிபரப்பப்பட்டது. அல் நூர் பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள ஹாக்லி பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தொழுவோருடன் நின்றனர். ஆனால் இந்தக் காட்சிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது அந்நாட்டுக்கும் இறந்தவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது. படுகொலை நடந்த ஆறாவது நாளில், ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் இராணுவ வகையைச் சேர்ந்தவை தடைசெய்யப்படும் என அரசு அறிவித்தது. ஏப்ரல் 10 அன்று 119 பேர் ஆதரிக்க ஒரே ஒருவர் எதிர்க்க, அது சட்டமாக நிறைவேறியது. மக்களிடமிருந்து ஏறத்தாழ 56,000 துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. தாக்குதலின்போது பள்ளிவாசல்களில் இருந்தவர்களும், அந்நாட்டில் வசித்துவந்த அவர்களின் நெருங்கிய குடும்பத்தாரும் நிரந்தரமாகத் தங்குவதற்கென்றே தனி விசா வகை ஒன்றை 2019 ஏப்ரலில் உருவாக்கியது. அவர்களும் நாமே என்ற சொல் உண்மையானது இந்த விசாவில்தான் என்று கொள்ள வேண்டும்.

இதன் அருமை புரிய, ஹைதராபாத்தைப் பாதித்த மற்றொரு கொலையைப் பார்க்கலாம். 2017 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஒலேத் நகரில், மதுக்கூடம் ஒன்றில் அமர்ந்திருந்த இரு இந்தியப் பொறியாளர்களை நோக்கி, என் நாட்டைவிட்டு வெளியேறு என்று கூவியபடி ஒருவன் சுட்டான். அவர்களுள் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், அவருடைய நண்பரும் தடுக்க முயன்ற அமெரிக்கர் ஒருவரும் காயமடைந்தனர். கொல்லப்பட்டவர்கள் குறைந்தது நால்வராக இருந்தால்தான் ஒரு நிகழ்வைப் பெருந்திரள் துப்பாக்கிச் சூடு எனக் கணக்கிடுவோரும் உண்டு, சுடப்பட்டவர்கள் நால்வராக இருந்தாலே போதும் என்போரும் உண்டு. இவ்விரு அளவுகோலின்படியும் ஒலேத் அப்பட்டியலில் சேராது. ஆனால் வெறுப்பின் இயல்பும், அதன் பின்னான எதிர்வினையும் அந்த வரையறையைப் பார்த்து மாறுவதில்லை. அந்நாட்களில் குடியேறிகளைப் பற்றி ஆட்சியாளர்கள் பேசிவந்த பேச்சுக்கும் இக்கொலைக்கும் தொடர்பு கற்பிப்பது அபத்தம் என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் முதலில் கூறினார். அதிபர் டிரம்ப் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் இக்கொலையைக் கண்டித்துப் பேசியது ஆறு நாட்கள் கழிந்த பின்னர்தான். அதற்குள் காயமுற்றவரின் தந்தை, பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டாம் என்று இந்தியப் பெற்றோர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லப்பட்டவரின் மனைவியோ, தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் இந்த நாட்டில் இடமுண்டா என்று அமெரிக்கர்களை நோக்கிப் பொதுவெளியில் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டம் அளித்த விடை கொடியது: கணவரின் விசாவைச் சார்ந்தே அவர் அங்கே வசித்திருந்ததால், கணவரின் சாவோடு அந்த உரிமையும் முடிந்துபோனது. அப்போதைய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்ட பிறகே தற்காலிக அனுமதி பெற்று அவர் மீண்டும் அங்கு செல்ல முடிந்தது.

2023 மே 6 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் நகர வணிக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டுப் பேரில், ஹைதராபாத் பகுதியைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவரும் இருந்தார். அப்போதைய அதிபர் பைடன் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட ஆணையிட்டு, தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்யுமாறு நாடாளுமன்றத்தை மீண்டும் வேண்டினார். மாநில ஆளுநர் கிரெக் அபாட்டோ மனநலச் சிக்கலே மூலகாரணம் என்றார். அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தும் மசோதா ஒன்று, தாக்குதல் நடந்த இரண்டு நாட்களில் டெக்சஸ் சட்டமன்றக் குழுவின் ஒப்புதலைப் பெற்றும், அவையின் விவாதத்துக்கு வராமலேயே காலாவதியானது. ஆரவாரமின்றிச் செய்யப்படும் வேலை இவற்றுக்கு அப்பால் நடக்கிறது. ஓர் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு எனப் பல ஆவணங்கள் தேவை; இத்தகைய வேளைகளில் வட அமெரிக்கத் தெலுங்குச் சங்கம் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்களே அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. வசதியற்றோருக்கு உதவ ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் இந்தியச் சமூக நல நிதி என்ற ஒன்றும் உண்டு.

தன் மண்ணிலேயே நடந்த ஒரு கொடுமைக்கு ஹைதராபாத் கண்ட எதிர்வினை இவற்றையெல்லாம்விடக் கசப்பானது. 2007 மே 18 வெள்ளிக்கிழமை, சார்மினாரை அடுத்த மக்கா பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தனர். அதையடுத்துக் கொதித்தெழுந்த கூட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் மேலும் 5 பேர் உயிரிழந்தனர். துக்கத்திலும் சினத்திலும் நின்ற மக்களை எதிர்கொள்ள அரசுக்குத் தெரிந்த வழி துப்பாக்கியாகவே இருந்தது என்பதை அந்நகரத்து மக்கள் மறக்கவில்லை. பழைய நகரத்து முஸ்லிம் இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் வதைக்கப்பட்டதாகப் புகார் கூறினர். பின்னர் அவர்கள் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டு, அரசிடமிருந்து இழப்பீடும் பெற்றனர். அந்த இழப்பீட்டையும் 2013இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. குண்டுவெடிப்பு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடமும் அடுத்துத் தேசியப் புலனாய்வு முகமையிடமும் கைமாறி, இந்துத்துவ அமைப்புகளைச் சேர்ந்தோர்மீது குற்றச்சாட்டு திரும்பியது. 2018 ஏப்ரல் 16 அன்று, போதிய சான்றில்லை என்று சுவாமி அசீமானந்தா உள்ளிட்ட ஐவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. இதற்கு மாறாக, கிரைஸ்ட்சர்ச் கொலையாளிக்குத் தண்டனை விதிக்கப்படும் முன், 2020 ஆகஸ்டில், உற்றாரை இழந்தவர்களும் உயிர் தப்பியவர்களும் நாள்தோறும் நீதிமன்றத்தில் எழுந்து, குற்றவாளியின் முகத்துக்கு நேராகத் தங்கள் இழப்பைச் சொன்னார்கள். மக்கா பள்ளிவாசலில் மாண்டவர்களின் வீட்டாருக்கு, அப்படி எழுந்து நின்று பேசுவதற்குத் தண்டனை பெற்ற ஒரு குற்றவாளிகூட இல்லை.