சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் முன் பல்லைக் கவனியுங்கள்

ஜொகூர் தோட்டங்களிலிருந்தும் பேரா, கெடா பட்டணங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பெர்மிட், அறை வாடகை, பஸ் செலவு என எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் புறப்படுகிறார்கள். அந்தக் கணக்கில் பல்வலி மட்டும் வருவதில்லை. கடைவாய்ப் பல் குடையத் தொடங்கிய பிறகுதான், "இங்கே யாரிடம் போவது, எவ்வளவு கேட்பார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. பதில் தெரியாமல் வலி மாத்திரையிலேயே மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள் இதோ.

சலுகை யாருக்கு?

சிங்கப்பூர் அடுக்குமாடி வட்டாரங்களில் பல பல் கிளினிக்குகளின் வாசலில் 'சாஸ்' அட்டைச் சின்னம் இருக்கும். அதைப் பார்த்து நமக்கும் கட்டணம் குறையும் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சலுகை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே. நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. பலதுறை மருந்தகங்களில் நிரந்தரவாசிகளுக்கு ஓரளவு கழிவு உண்டு. வேலை பெர்மிட்டில் இருப்பவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

"கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பார்கள் சிலர். வேலை பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் உள்ள விதி. ஆனால், அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. பல் அடைப்பதும் சுத்தம் செய்வதும் அந்தக் கட்டாயத்தில் அடங்காது. சில நிறுவனங்கள் தாமாகவே பல் செலவுக்குத் தனித்தொகை தருகின்றன. வேலையில் சேரும் அன்றே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பல் நர்ஸ் பள்ளிக்கே வந்து நம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பள்ளியை விட்ட பிறகு யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. அரசாங்கப் பல் கிளினிக் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. மலேசியரின் அடையாளக் கார்டுக்கு அங்கே சில ரிங்கிட்டில் பல் பிடுங்கவோ அடைக்கவோ முடியும். கூட்டம் இருக்கும், தேதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே, பெர்மிட்டுக்கு மனுப்போட்ட கையோடு பல் சோதனைக்கும் பதிந்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு என மாறிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வந்து ஜொகூர் அரசாங்கக் கிளினிக்கில் காட்டியவர்கள், இப்போது வார நாளில் லீவு எடுத்துத்தான் வர வேண்டும். வார இறுதியில் திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகள் ஜொகூர் பாருவில் நிறைய உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால், அங்கே சம்பாதித்து இங்கே கட்டுவது பலருக்குச் சுமையைக் குறைக்கிறது.

ஆனால், ஒரே முறையில் முடியாத சிகிச்சைகளும் உண்டு. வேர் சிகிச்சைக்குப் பல தடவை வர வேண்டியிருக்கும். பல் கம்பி என்றால் ஓராண்டுக்கு மேலும் இழுக்கும். பஸ் செலவையும் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் இடத்தை முடிவு செய்யுங்கள். ஜொகூர் மருத்துவர் தரும் எம்.சி.யைச் சிங்கப்பூர் முதலாளி ஏற்க வேண்டிய கட்டாயமில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

குறைந்த செலவுக்கு வேறு வழிகள்

பல் மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில், விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், கட்டணம் குறைவு. மலாயா பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், கெடாவில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பல் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. முன்கூட்டியே அழைத்து, உங்கள் பல்லுக்கு மாணவர் சிகிச்சை பொருந்துமா என்று கேளுங்கள்.

சிங்கப்பூரில் குறைந்த சம்பளத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக, ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு 2006 முதல் இயங்கி வருகிறது. கேலாங்கில் உள்ள அதன் கிளினிக்கில் தொண்டூழிய மருத்துவர்கள் பல்லும் பார்க்கிறார்கள்.

மலிவு என்பதற்காக வீட்டிலும் அழகு நிலையத்திலும் கம்பி போடுபவரிடம் போய்விடாதீர்கள். பதிவு பெறாத கிளினிக் நடத்துபவருக்கு நம் நாட்டில் 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால், ஆடிப்போன பல்லை அந்தத் தண்டனை திருப்பித் தராது.

நாற்காலியில் உட்காரும் முன் கேளுங்கள்

மொத்தம் எவ்வளவு ஆகும்? எக்ஸ்ரே, மருந்து அதில் அடக்கமா? எத்தனை தடவை வர வேண்டும்? இன்றே செய்ய வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது? இப்படிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டலாம்.

காத்திருந்தால் என்ன ஆகும்?

சொத்தை பல்லின் மேல்தோட்டில் இருக்கும்போது அடைத்தால் போதும். அது நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை, இல்லையேல் பிடுங்குவது என்றாகிவிடும். செலவும் அதற்கேற்ப ஏறும். கடும் வலி திடீரென நின்றால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. உள்ளே நரம்பு செத்திருக்கலாம். வேரடியில் கிருமி பரவிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை அதைத் தடுக்காது. மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு புண்ணாகும்.

தாடையோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலுடன் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், செலவைப் பார்க்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கும் பெற்றோர், பல்லைக் காட்டினாயா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வலி இல்லாதபோது செய்யும் சோதனைதான் எந்த நாட்டிலும் மலிவான பல் வைத்தியம்.